ஆறு லட்சம் பட்ஜெட்: 530டி, இ280 சிடிஐ, சூப்பர்ப் மூணுல எதை எடுக்கறது?

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். தினமும் ஓட்ட டீசல் ஸ்விஃப்ட் இருக்கு, அதை விக்கற எண்ணம் இல்ல. அது போக, ஞாயித்துக்கிழமை ஓட்டறதுக்கும் அப்பப்ப கோத்தகிரி, ஏற்காடுன்னு போறதுக்கும் ஒரு பெரிய செடான் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. நான் வேலை பழகின பனியன் கம்பெனியில முதலாளி ஒரு கறுப்பு பென்ஸ் வெச்சிருந்தார். அந்தக் கதவு சாத்தற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

இப்போதைக்கு மூணு வண்டி கண்ணுல பட்டிருக்கு. கோவையில பழைய கார் விக்கற ஒரு கன்சல்டிங்ல 2009 பிஎம்டபிள்யூ 530டி நிக்குது. மூணாவது ஓனர், மீட்டர்ல 1,18,000, எஃப்.சி. புதுப்பிச்சாச்சு, 6.75 கேக்கறாங்க. ரெண்டாவது, 2007 பென்ஸ் இ280 சிடிஐ, புதுச்சேரி நம்பர், மீட்டர்ல 94,000, சர்வீஸ் பில் எதுவும் இல்ல, 4.90. மூணாவது 2011 ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர், ஈரோட்டுல ஒரு டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், எல்லா பில்லும் ஃபைல் போட்டு வெச்சிருக்கார், 5.25.

என் பட்ஜெட் ஆறு. எல்லாம் சேர்த்து எட்டு வரைக்கும் தாங்கும். மனசு பென்ஸ் பக்கம்தான் போகுது, விலையும் அதுக்குத்தான் குறைவு. வெச்சிருக்கறவங்க சொல்லுங்க.

மேட்டூர்அணை (சேலம்)

பிரதர், அந்தக் காசுல நல்லா இருக்கற ஹோண்டா அக்கார்டு வி6 பாருங்க. 2008-க்கு அப்புறம் வந்த மாடல்ல 3.5 லிட்டர். டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு மட்டும் கேளுங்க, அந்த எஞ்சின்ல செயின் கிடையாது, பெல்ட். 2.4-ல செயின். ஒரே குறை, வண்டி தாழ்வு, நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும். சத்தமில்லாம வருஷக்கணக்கா ஓடும்.

இருகூர்க்காரன் (கோவை)

நொய்யல்கரை, ஸ்விஃப்ட்டை விக்கலேன்னு சொன்னீங்க பாருங்க, முதல்ல அதுக்கு என் சந்தோஷத்தைச் சொல்லிக்கறேன். இந்த மாதிரி வண்டி வெச்சிருக்கற வீட்டுல வேற ஒரு வண்டி எப்பவும் ஓடற நிலைமையில இருக்கணும். ஸ்பேர் வர பத்து நாள் ஆகும்னா வண்டி பத்து நாள் நிக்கட்டும்னு விடற நிம்மதி வேணும். காலையில வேலைக்குப் போக இதே வண்டிதான்னு ஆயிட்டா, கிடைச்ச ஸ்பேரைப் போட்டு ஓட்ட ஆரம்பிச்சுடுவோம். நல்ல வண்டிகள் அப்படித்தான் கெட்டுப் போகுது.

நான் 2008 இ280 சிடிஐ வெச்சிருக்கேன். அதனால பென்ஸ் பத்திச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கறேன். அந்தப் புதுச்சேரி வண்டியை விட்டுடுங்க. பென்ஸ்ங்கறதால இல்ல, பில் இல்லாததால.

ஒரு விஷயத்தை மனசுல அழுத்தமா பதிய வெச்சுக்கங்க. அஞ்சு லட்சத்துக்கு வாங்கினாலும் அது அன்னைக்கு நாற்பது லட்ச ரேஞ்சுல வித்த வண்டிதான். பழசானதால வண்டியோட விலைதான் இறங்கியிருக்கு. இன்ஜெக்டர், பிரேக் டிஸ்க், கண்ட்ரோல் ஆர்ம் எதுவும் விலை இறங்கல. மூணாவது நாலாவது ஓனர்கிட்ட வர்றப்போ இதுதான் நடக்குது: வாங்கற காசு இருக்கும், பராமரிக்கற காசு இருக்காது. ஒரு சர்வீஸ் தள்ளிப் போகும், அப்புறம் இன்னொண்ணு. கடைசியில எல்லா வேலையும் ஒண்ணா சேர்ந்து நிக்கறப்போ வண்டி கன்சல்டிங்குக்கு வந்துடும். 4.90-ன்னு நீங்க பாக்கற விலை, முந்தின ஓனர் செய்யாம விட்ட வேலைக்கெல்லாம் சேர்த்துப் போட்ட விலை.

இ280 சிடிஐ-யில இருக்கற எஞ்சின் ஓஎம்642, 3 லிட்டர் வி6 டீசல், 190 குதிரை, 440 நியூட்டன் மீட்டர். அருமையான எஞ்சின். மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி மேடு ஏறறப்போ, ஆர்.பி.எம். முள்ளு 2,000 பக்கத்துலயே நிக்க, யாரோ பின்னால இருந்து தள்ளற மாதிரி ஏறும். ஆனா இந்த எஞ்சினுக்கு ஒரு பிரபலமான பிரச்சனை உண்டு. ரெண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவுல, அந்த ‘வி’ பள்ளத்துக்குள்ள, ஆயில் கூலர் உக்கார்ந்திருக்கு. அதோட சீல் காலப்போக்குல சூட்டுல கெட்டியாகி ஆயில் கசியும். கசிஞ்ச ஆயில் எஞ்சினுக்குப் பின்பக்கமா இறங்கி கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டும். கீழ இருந்து பாக்கற மெக்கானிக், கிராங்க்கோட பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்னு சொல்லுவார். அதைக் கேட்டு இறக்கினா கூலியும் போச்சு, கசிவும் நிக்காது.

சீல் சின்னப் பொருள்தான், ஆனா அதைத் தொடணும்னா டர்போவைக் கழட்டணும், எஞ்சினுக்குக் காத்து போற இன்டேக் மேனிஃபோல்டை ரெண்டு பக்கமும் எடுக்கணும். என் வண்டிக்கு வேற வேலைக்காக மேனிஃபோல்டு எடுத்தப்பவே இதையும் சேர்த்து மாத்திடச் சொன்னேன், பக்கத்துலயே நின்னு பார்த்தேன். வெளிய வந்த பழைய சீல் ஆரஞ்சு நிறம். ரப்பர்னு சொல்ல முடியாது, நகத்தால அழுத்தினா நகம்தான் வலிக்குது. புதுசா போடறது ஊதா நிறம், விட்டான்ங்கற (Viton) ரப்பர், அது சூடு தாங்கும். அதனால இந்த எஞ்சின் வண்டி எது பாத்தாலும், ஆயில் கூலர் சீல் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அந்த ஓனர் வண்டியைப் புரிஞ்சு வெச்சிருந்தவர்னு அர்த்தம். இல்லேன்னா அந்தச் செலவு உங்களுதுன்னு கணக்குல எழுதிக்கங்க.

கியர்பாக்ஸ் 7ஜி, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். அதுல கண்டக்டர் பிளேட்டும் (சென்சார் இருக்கற தகடு) கம்ப்யூட்டரும் ஒண்ணா ஆயிலுக்குள்ளயே இருக்கு. ஸ்பீடு சென்சார் போனா வண்டி ஒரே கியர்ல மாட்டிக்கும். பழைய வண்டியில இருந்து கழட்டிப் போடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தக் கம்ப்யூட்டர் வண்டியோட சேசிஸ் நம்பரோட பிணைஞ்சது.

சூப்பர்ப் பத்தி: டாக்டர் நல்லா வெச்சிருக்கார்னே வெச்சுக்குவோம். ஆனா 1.8 டிஎஸ்ஐ-யில வர்ற 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, டிரை கிளட்ச் டைப். கியர், கிளட்ச்சை இயக்கற மெக்கட்ரானிக் யூனிட்தான் அதோட பலவீனம். அதே சூப்பர்ப்ல 2.0 டீசலுக்கு வர்ற 6 ஸ்பீடு வேற, அது ஆயிலுக்குள்ள முங்கின கிளட்ச், நம்பிக்கையா எடுக்கலாம். 1.8-லயே மேனுவல் கிடைச்சா யோசிக்காம எடுங்கன்னு சொல்லுவேன், கூட டைமிங் செயின் டென்ஷனர் பாத்துக்கணும். அப்புறம், நீங்க கேக்கறது ஆறு சிலிண்டர் மாதிரி ஒரு அனுபவம். சூப்பர்ப் பின்சீட்டுக்காரர் வண்டி. அவ்வளவு கால் நீட்டற இடம் மத்த ரெண்டுலயும் கிடையாது, ஆனா ஸ்டியரிங் பின்னால உக்கார்றவருக்கு 530டி கொடுக்கற சந்தோஷம் அதுல இல்ல.

மிச்சம் இருக்கறது 530டி. 2009-ன்னா எம்57 எஞ்சின், 235 குதிரை, 500 நியூட்டன் மீட்டர். பிஎம்டபிள்யூ செஞ்ச டீசல்கள்லயே இதை மெக்கானிக்குகள் மரியாதையா பேசுவாங்க. இதுல டைமிங் செயின் முன்பக்கம். அதே காலத்து 520டி-யில வர்ற என்47-ல செயின் எஞ்சினுக்குப் பின்னால, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. அது சத்தம் போட ஆரம்பிச்சா எஞ்சினையே இறக்கணும். அடுத்த மாடல் எஃப்10 வந்தப்போ 530டி-க்கும் என்57 கொடுத்தாங்க, அதுலயும் செயின் பின்பக்கம்தான். அதனால “கொஞ்சம் காசு சேர்த்து புது ஷேப் 520டி எடுங்க”ன்னு யாராவது சொன்னா, தயவு செஞ்சு கேக்காதீங்க. உங்க பட்ஜெட்டுக்கு இந்த இ60 (அந்தக் காலத்து 5 சீரிஸ் ஷேப்போட கோடு) 530டி-தான் சரியான வண்டி. 6.75 கேக்கறது பெருசில்ல, பேசிக் குறைக்கலாம். அந்த ஒரு குறிப்பிட்ட வண்டி எப்படி இருக்குங்கறதுதான் கேள்வி.

கியர்பாக்ஸ் இசட்எஃப் 6 ஸ்பீடு. ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்னு கம்பெனி சொன்னாங்க. கியர்பாக்ஸ் செஞ்ச இசட்எஃப்-போ 80,000-ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தணும்னு சொல்லுது. நான் கியர்பாக்ஸ் செஞ்சவன் பேச்சைத்தான் கேப்பேன். மாத்தறப்போ ஃபில்டர் தனியா வராது, கீழ இருக்கற பிளாஸ்டிக் சம்ப்போட (ஆயில் தொட்டி) சேர்ந்தே வரும், முழுசா மாத்தணும்.

அம்பத்தூர்பட்டறை (சென்னை)

இருகூர் சார் எஞ்சின் பக்கம் எல்லாம் சொல்லிட்டார். நான் ஜெர்மன் வண்டி மட்டும் பாக்கற பட்டறை வெச்சிருக்கேன், பேப்பர் பக்கமும் தண்ணி பக்கமும் ரெண்டு வார்த்தை சொல்றேன் தம்பி.

2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் சென்னையில பெரிய வண்டிகள் ஏராளமா முங்குச்சு. இன்ஷூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டு ஏலத்துல வித்ததுல நிறைய வண்டி காஞ்சு, பாலிஷ் போட்டு, வெளியூருக்கு வந்து நிக்குது. குறிப்பா புதுச்சேரி நம்பர், சர்வீஸ் பில் இல்ல, குறைஞ்ச கிலோமீட்டர், குறைஞ்ச விலை, நாலும் சேர்ந்து வந்தா எனக்கு முதல்ல வர்ற சந்தேகம் தண்ணிதான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. மேல எல்லாத்தையும் கழுவுவாங்க, சுருளோட அடியில இருக்கற அந்தக் கடைசி ஒரு அடியில மண் கோடு நிக்கும். முன்சீட்டுக்குக் கீழ கார்ப்பெட்டைத் தூக்கி அடியில இருக்கற ஃபோமை அழுத்துங்க. சீட் ரெயில் போல்ட்டுல துரு இருக்கா பாருங்க. பிஎம்டபிள்யூ-ல பேட்டரி டிக்கியில வலது பக்கம் இருக்கு, அந்தப் பள்ளத்துலயே எலக்ட்ரானிக் யூனிட்டும் உண்டு. வெள்ளம் வரணும்னு கூட இல்ல, டிக்கி பக்கத்துல மழைத்தண்ணி இறங்கினாலே அங்கதான் தேங்கும். அந்த மூடியைத் திறக்காம வண்டி வாங்கவே வாங்காதீங்க.

புதுச்சேரி நம்பர் வண்டியை உங்க பேருக்கு மாத்தி தமிழ்நாட்டுல ஓட்டணும்னா, அங்க இருந்து என்.ஓ.சி. வாங்கி இங்க ரோடு டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும். டாக்ஸ், நீங்க கொடுத்த 4.90-ஐ வெச்சு இல்ல தம்பி, வண்டி புதுசா இருந்தப்போ இருந்த விலையை வெச்சு, வயசுக்கு ஏத்த சதவீதத்துல போடுவாங்க. அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்கங்க. அதே மாதிரி டெல்லி வண்டியும் வரும். அங்க பத்து வருஷம் தாண்டின டீசல் ஓடக் கூடாதுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டதுல இருந்து மலிவா தள்ளி விட ஆரம்பிச்சாங்க. அந்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், இதே கணக்குதான்.

இன்னொண்ணு. 2007 வண்டிக்கு 2027-ல இருபது வயசு. இருபது வருஷம் தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கற கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆயிடுச்சு, அதுவே இறக்குமதி வண்டின்னா 80,000. உங்க பட்டியல்ல இறக்குமதி இல்லேன்னாலும், பின்னாடி ஆசைப்பட்டு வேற ஏதாவது பாக்கறப்போ ஞாபகம் இருக்கட்டும்.

பழைய பென்ஸ் பாக்கறவங்க எல்லாருக்கும்: 2006 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு முந்தின டபிள்யூ211-ல (இ280 வந்த இ-கிளாஸ் ஷேப்போட கோடு) எஸ்பிசிங்கற எலக்ட்ரானிக் பிரேக். சாவியைத் தொட்டாலோ கதவைத் திறந்தாலோ பம்ப் தானா பிரஷர் ஏத்தும். கம்ப்யூட்டர் மாட்டி அதை முடக்காம பிரேக் பேடு கழட்டினா, கேலிப்பர் பிஸ்டன் விரலை நசுக்கிடும். தெரியாத பட்டறையில பேடு மாத்தக் கூடக் கொடுக்காதீங்க.

நொய்யல்கரை (திருப்பூர்)

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. புதுச்சேரி பென்ஸுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்னு இருந்தேன், புரோக்கருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். கதவுச் சத்தம் மட்டும் விட்டுப் போகுதேன்னு இருக்கு, பரவாயில்ல.

இருகூர் அண்ணா, 530டி-யைச் சனிக்கிழமை பாக்கப் போறேன். நேர்ல என்னென்ன பாக்கணும்? மீட்டர் 1,18,000 உண்மைதானான்னு கண்டுபிடிக்க முடியுமா?

இருகூர்க்காரன் (கோவை)

முடியும். பிஎம்டபிள்யூ சாவியிலயே வண்டி ஓடின கிலோமீட்டர் பதிவாகும், சாவியைப் படிக்கற மெஷின் இருக்கற பட்டறையில ரெண்டு சாவியையும் கொடுங்க. ரெண்டு சாவியும் இருக்கான்னு கேக்கறதே ஒரு சோதனை. மீட்டரைத் திருப்பறவங்க பெரும்பாலும் முன்னாடி தெரியற டிஸ்ப்ளேயைத்தான் திருப்புவாங்க, உள்ள மத்த யூனிட்கள்ல பழைய கணக்கு இருக்கும். பிஎம்டபிள்யூ-வோட சோதனை சாஃப்ட்வேர் ஐஸ்டாவை மாட்டி எல்லா யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்க. எர்ரர் மட்டும் இல்ல, எர்ரர் எந்தக் கிலோமீட்டர்ல பதிவாச்சுங்கறதும் வரும். 1,18,000 ஓடின வண்டியில 1,60,000-ல பதிவான எர்ரர் இருந்தா, பேச்சே வேண்டாம், எழுந்து வந்துடுங்க.

முதல் நாள் ராத்திரியே ஃபோன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. போனதும் பானட்டைக் கையால தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. ஆறின எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் பத்து செகண்டுல வர்ற சத்தமும் புகையும்தான் எஞ்சினோட உண்மை. எம்57-ல இன்டேக்ல ஸ்வர்ல் ஃப்ளாப் (காத்தைச் சுழல விடற சின்னத் தகடு) இருக்கு, மேனிஃபோல்டு சேர்ற இடங்கள்ல ஆயில் ஈரம் படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃப்ளாப்பை எடுத்துட்டு அடைப்பு போட்ட பில் இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் டயர். ரன்ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற) டயரோட, ஸ்டெப்னி இல்லாம வந்த வண்டி இது. இடையில யாராவது சாதா டயர் போட்டிருப்பாங்க. தப்பில்ல, சவாரி இன்னும் மிருதுவா இருக்கும். ஆனா பஞ்சர் ஆனா என்ன பண்றதுன்னு ஒரு ஏற்பாடு டிக்கியில இருக்கணும். நாலு டயரும் ஒரே கம்பெனியா, எந்த வருஷத்துதுன்னு பாருங்க. நாலு டயருக்கு நாலு பிராண்டு போட்டவர், ஆயிலுக்கு மட்டும் நல்லதைப் போட்டிருப்பார்னு நான் நம்ப மாட்டேன். பேட்டரி புதுசு மாத்தியிருக்காங்கன்னா ஏஜிஎம் வகைதானா, கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணாங்களான்னு கேளுங்க. இந்த வண்டிக்கு, புதுப் பேட்டரி வந்திருக்குன்னு சொல்லிக் கொடுத்தாத்தான் அதுக்கேத்த மாதிரி சார்ஜ் பண்ணும்.

ஓட்டறப்போ ஏ.சி., மியூசிக் ரெண்டையும் அணைச்சுடுங்க. மெதுவா, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு, ரெண்டுல இருந்து மூணுக்குப் போறதைக் கவனிங்க. கியர் மாறினதே தெரியக் கூடாது. ஒரு சின்ன உதறலா இருந்தா ஆயில் மாத்தற நேரம்னு வெச்சுக்கலாம். டிரைவுல போட்டதும் ‘டக்’னு இடிச்சா விலையை நல்லாக் குறைச்சுப் பேசணும், இல்ல விட்டுடணும். கோவை வண்டிதானே, மருதமலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்னு கேளுங்க, கொடுப்பாங்க.

எட்டு லட்சம்னு சொன்னீங்க. அதுல வண்டிக்கு ஆறுக்கு மேல ஒரு ரூபா கொடுக்காதீங்க. ரெண்டு லட்சம் தனியா பேங்க்ல கிடக்கட்டும், வாங்கின முதல் வருஷத்துக்குன்னு ஒதுக்கினது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டரும் வாங்கின வாரமே மாத்திடுங்க, முந்தின ஓனர் மாத்தினேன்னு சொன்னாலும் சரி. ஸ்பேருக்கு சேசிஸ் நம்பரோட கடைசி ஏழு எழுத்தைக் கொடுத்தா சரியான பார்ட் நம்பர் வந்துடும். சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், ஃபில்டருக்கு மான் (Mann) பிராண்டுன்னு கேட்டு வாங்கினா, பிஎம்டபிள்யூ டப்பா இல்லாத ஒரு குறைதான், தரம் பத்திக் கவலைப்பட வேண்டியதில்ல. விலை நல்லாவே குறையும்.

நான் இவ்வளவு எழுதறதுக்குக் காரணம் இருக்கு. இந்த வண்டிகளைச் செஞ்ச காலம் திரும்பி வராது. பெரிய ஆறு சிலிண்டர் டீசல், ஹைட்ராலிக் ஸ்டியரிங், பட்டனைத் தொட்டா கை உணர்ற மாதிரி உள்வேலை, இதெல்லாம் புது வண்டியில எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்கறது கஷ்டம். பார்ட்ஸுக்காகப் பிரிக்கப்பட்டு சென்னை புதுப்பேட்டையில கிடக்கறதைப் பாக்க எனக்கு மனசு ஆறல. நல்ல கைக்குப் போனா இன்னும் பத்து வருஷம் ஓடும்.

சனிக்கிழமை எனக்கும் வேலை இல்ல. காலையில எட்டு மணிக்கு வண்டி ஆறியிருக்கறப்பவே போயிடலாம், என் ஸ்கேனரையும் டார்ச்சையும் எடுத்துட்டு வர்றேன். எந்தக் கன்சல்டிங்னு தனியா மெசேஜ் போடுங்க.

நொய்யல்கரை (திருப்பூர்)

போட்டுட்டேங்கண்ணா. ரெண்டு சாவியும் இருக்கான்னு இப்பவே ஃபோன்ல கேட்டேன், ஒண்ணுதான் இருக்குன்னாங்க. இன்னொண்ணு முந்தின ஓனர்கிட்ட இருக்காம், வாங்கித் தர்றோம்னு சொல்றாங்க. அது கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ்னு சொல்லிட்டேன்.